சீனியர் ஃபுட் கேட்கப் போய் கிட்னி ஃபுட்டோடு வந்த கதை

எங்கள் நாய் ஜூலிக்குச் சிறுநீரகத்தில் ஒரு கோளாறும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடுவில் சில நாட்கள், இருக்கிறது என்று நம்பவைக்கப்பட்டு, நானும் அப்பாவும் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தோம். இத்தனைக்கும் நான் கேட்கப் போனது ஒரே கேள்வி: 9 வயது லாப்ரடாரைச் சீனியர் ஃபுட்டுக்கு, அதாவது வயதான நாய்க்கென்று விற்கும் உணவுக்கு, மாற்றலாமா, வேண்டாமா?

படுத்தால் எழ நேரமாகிறது, முகவாய் நரைத்துவிட்டது, மாடிப்படியைப் பார்த்தால் யோசிக்கிறாள். பார்த்தவர்கள் எல்லோரும் "வயசாச்சு, சீனியர் ஃபுட் கொடுங்க" என்றார்கள். பெட் ஷாப்பில் இருந்த தம்பி இன்னும் ஒரு படி மேலே போனார். "இதுல புரோட்டீன் கம்மி மேடம், கிட்னிக்கு நல்லது" என்று ஒரு மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டார். வயதாகும்போது நாய்க்குத் தசை தானாகவே கரையத் தொடங்கும். சிறுநீரகம் நன்றாக இருக்கிற கிழட்டு நாய்க்குப் புரோட்டீனைக் குறைப்பதில் லாபம் இல்லை, நஷ்டம்தான் உண்டு. 'புரோட்டீன் கம்மி, கிட்னிக்கு நல்லது' என்ற வாதத்தை மட்டும் எங்கே கேட்டாலும் நம்பாதீர்கள்.

மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு, அங்கிருந்த சீனியர் மூட்டைகளின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டதில்தான் விஷயம் புரிந்தது. பல மூட்டைகளில் கலோரி போட்டிருக்கவில்லை. அதை நாமே கண்டுபிடிக்கலாம். நூறிலிருந்து புரோட்டீன், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் ஆகியவற்றைக் கழித்தால் மிச்சம் மாவுச்சத்து. சாம்பல் அளவு போடவில்லை என்றால் 8 என்று வைத்துக்கொள்ளலாம். புரோட்டீனுக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 3.5, கொழுப்புக்கு 8.5 என்று பெருக்கிக் கூட்ட வேண்டும். ஜூலி இப்போது சாப்பிடும் அடல்ட் ஃபுட் 100 கிராமுக்கு 333 கிலோகலோரி வந்தது. ஒரு சீனியர் மூட்டை 328. இன்னொரு சீனியர் மூட்டை, விலையும் அதிகம், 343! எடை கூடாமல் இருக்க இதற்கு மாறுங்கள் என்கிறார்கள்.

இதில் ஏமாற்று வேலை என்றுகூடச் சொல்ல முடியாது. 'சீனியர்' என்ற சொல்லுக்கு வரையறையே கிடையாது. அமெரிக்காவில் செல்லப்பிராணி உணவுக்குச் சத்து அளவுகளை வகுக்கும் ஆஃப்கோ அமைப்பிடம் நாய்களுக்கு இரண்டு அட்டவணைகள்தான் உள்ளன: வளரும் குட்டிக்கும் குட்டி போடும் தாய்க்கும் ஒன்று, வளர்ந்த நாய்க்கு ஒன்று. கிழட்டு நாய்க்கென்று மூன்றாவது இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றியதைச் சீனியர் என்று போட்டுக்கொள்ளலாம்.

சரி, மூட்டையைப் பார்த்து முடிவெடுக்க முடியாது, நாயைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு கிளினிக்குக்குப் போனோம். சோதனை அங்கேதான் ஆரம்பித்தது. 34 கிலோ லாப்ரடாரை ஏற்ற ஒரு ஆட்டோ பிடிப்பதே பெரும்பாடு. போய்ச் சேர்ந்து ரத்தம் எடுத்தால், சீரம் பால் மாதிரி கலங்கிவிட்டது, ரிசல்ட் சரியாக வராது என்றார்கள். காலையில் முட்டையும் சிக்கனும் சாப்பிட்டிருந்தாள். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போது ரிசப்ஷனில் யாரும் வெறும் வயிற்றோடு கூட்டி வாருங்கள் என்று சொல்லவில்லை. கேட்டதற்கு, "எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சோம் மேடம்." வயதான நாய்க்கு ரத்தப் பரிசோதனை என்றால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் சாப்பாடு இல்லாமல், தண்ணீர் மட்டும் கொடுத்துக் கூட்டிப் போங்கள். யாரும் சொல்ல மாட்டார்கள்.

மறுபடி போய்க் கொடுத்த ரத்தம் மனிதர்களுக்கான ஒரு லேபுக்குப் போயிருக்கிறது. ரிப்போர்ட் வந்தது. 'செல்வி ஜூலி, வயது 9, பெண்.' சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.2, பக்கத்தில் தடித்த எழுத்தில் 'அதிகம்'. கிளினிக்கில் இருந்தவர் தாளைப் பார்த்தார், ஜூலியைப் பார்க்கவில்லை. "கிட்னி ஆரம்பிச்சிடுச்சு, சீனியர் ஃபுட் எல்லாம் போதாது" என்று கிட்னி டயட் மூட்டை ஒன்றை அங்கேயே பில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோதுதான் நார்மல் அளவு என்று அச்சாகியிருந்தது கண்ணில் பட்டது: 0.3 முதல் 0.7 வரை. அது ஒன்பது வயதுப் பெண் குழந்தைக்கு உரிய அளவு! லேபின் கம்ப்யூட்டர் எங்கள் நாயை நாலாம் வகுப்புப் பிள்ளையாக எண்ணியிருக்கிறது. நாய்களின் சிறுநீரக நோயை வகைப்படுத்தும் ஐரிஸ் அமைப்பின் கணக்கில் 1.4க்குக் கீழே இருந்தால் கிரியாட்டினின் உயரவில்லை என்றே பொருள். ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், எந்த உயிருக்கான அளவோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆனால் கிரியாட்டினின் நார்மல் என்பதோடு நிம்மதியாகிவிடவும் முடியாது. சிறுநீரகத்தின் திறனில் முக்கால்வாசி போன பிறகுதான் அது ஏறத் தொடங்கும். அதனால் இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் சிறுநீர் கேட்டார், காலையில் முதலில் போவது. பெண் லாப்ரடார் தரையோடு தரையாக உட்காருவாள், பாட்டிலெல்லாம் நுழையாது. டிபன் பாக்ஸ் மூடியைக் கழுவிக் காயவைத்து, அவள் ஆரம்பித்த பிறகு பின்பக்கமாக நீட்டினால் கிடைக்கும். முன்னாலேயே நீட்டினால் எழுந்து போய்விடுவாள். இப்படிப் பிடித்துக் கொண்டுபோனதை, பாட்டிலில் பெயர் எழுதவில்லை என்று கவுன்ட்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பேனா அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அடுத்த தடவை பெயர், தேதி, பிடித்த நேரம் எல்லாம் எழுதி ஒட்டிக் கொண்டுபோனேன். அடர்த்தி 1.035, புரோட்டீன் கசிவு இல்லை. சிறுநீரகம் நன்றாகவே வேலை செய்கிறது. தைராய்டும் நார்மல்.

இந்த டாக்டர் செய்த முதல் காரியம் ஜூலியைத் தொட்டுப் பார்த்ததுதான். புறங்கையைத் தடவும்போது எலும்பு தட்டுப்படுவதுபோல் விலா எலும்புகள் தட்டுப்பட வேண்டும் என்றார். ஜூலிக்குத் தேட வேண்டியிருந்தது. உடல் பருமனுக்கு ஒன்பதுக்கு ஏழு மார்க் போட்டார். ஐந்துக்கு மேல் ஒவ்வொரு மார்க்குக்கும் சுமார் பத்து சதவீத எடை கூடுதல் என்று கணக்கு. "முன்னாடி என்ன வெயிட் இருந்தா?" என்று கேட்டார். அது பழைய தடுப்பூசிப் புத்தகத்தில் இருந்தது. முதல் கிளினிக்கில் புதுப் புத்தகம் கொடுத்தபோது பழையதை வாங்கி வைத்துக்கொண்டவர்கள், இப்போது கேட்டால் "அதெல்லாம் இருக்காதுங்க" என்றார்கள். அப்புறம் ஞாபகம் வந்தது. ஊருக்குப் போகும்போது ஜூலியை விட்டுச்சென்ற இடத்துக்கு அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். தேடி எடுத்துவிட்டேன்: 4 வயதில் 28.5 கிலோ. டாக்டரின் கணக்கும் 28 சொச்சம்தான். அன்றைக்கு ரொம்ப நாள் கழித்து ஒரு சந்தோஷம். புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழ நேரமாவதற்குக் காரணம் இடுப்பு மூட்டுத் தேய்மானம், அதன்மேல் ஐந்தரைக் கிலோ சுமை. மூட்டைகளில் பெரிதாகப் போடும் குளுக்கோசமைனுக்குச் சான்று பலவீனம், மீன் எண்ணெய்க்குக் கொஞ்சம் பரவாயில்லை, எடையைக் குறைப்பதுதான் முதல் மருந்து என்றார். வழுக்கும் டைல்ஸில் ரப்பர் பாய் போடச் சொன்னார். வலி மாத்திரை அவர் எழுதிக் கொடுத்தது மட்டும்தான். வீட்டில் இருக்கும் ஐபுப்ரோஃபெனைக் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷம்.

ஆக, சீனியர் ஃபுட்டுக்கு மாற்றவில்லை. அதே அடல்ட் ஃபுட், அளந்து. 28 கிலோ எடைக்கு நாளுக்குச் சுமார் 850 கிலோகலோரி. நொறுக்குத்தீனிக்கு அதில் பத்து சதவீதம் ஒதுக்கினால், உணவு 230 கிராம். கப் கணக்கு வேண்டாம், கிச்சன் தராசு வாங்குங்கள். நான் கப்பில் அளந்ததையும் தராசில் போட்டதையும் ஒப்பிட்டால் எடை கூடியதற்கு வேறு காரணமே தேட வேண்டியதில்லை. மாரி பிஸ்கட் ஒன்று ஏறத்தாழ 25 கிலோகலோரி என்று அப்பாவுக்குச் சொல்லியாயிற்று. இப்போது உடைத்துப் பாதி கொடுக்கிறார், இரண்டு தடவை.

ஒருவேளை பின்னால் மாற்ற வேண்டி வந்தால், அது வயதைப் பார்த்து இருக்காது. தசை கரைந்தால் புரோட்டீன் கூடிய உணவு, சிறுநீரில் மாற்றம் தெரிந்தால் பாஸ்பரஸ் குறைந்த உணவு. எதுவானாலும் ஏழு முதல் பத்து நாளில், பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கிட்னி மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருந்ததுதான் தப்பித்தது. புரோட்டீன் குறைவு, கொழுப்பும் கலோரியும் கூடுதல்: ஜூலிக்கு இதைவிடப் பொருந்தாத உணவு இருக்க முடியாது. பில்லையும் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனேன். பணம் தர மாட்டோம் என்றார்கள். அளவுப் பட்டியலைக் காட்டி, 'செல்வி ஜூலி'யையும் காட்டினேன். அதே தொகைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அடல்ட் ஃபுட் எடுத்துக்கொண்டு வந்தேன்.