எங்கட ஆக்கள் அப்படி இல்லை: கொழும்புக் குறிப்புகள்

2025 ஜூன் 2, திங்கள்

கட்டுப்பாடு இறுகிய ஒரு சபையிலோ ஆசிரமத்திலோ இயக்கத்திலோ பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் வெள்ளவத்தைச் சித்தி ஒருவர், "அங்க உன்னை என்ன பாடு படுத்தினவங்கள்" என்று தொடங்குவார். பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "எங்கட ஆக்கள் அப்படி இல்லை, சித்தி." மூளைச்சலவை என்று சொல்லி அவர் கதையை முடித்துவிடுவார். ஆனால் பின்னர் போய்ச் சேர்ந்தவரையும் உள்ளேயே பிறந்தவரையும் ஒரே கணக்கில் போட்டால், உள்ளே பிறந்தவர் தன் குழுவை ஏன் இப்படித் தற்காத்துப் பேசுகிறார் என்பது விளங்காது.

25 வயதில் சேர்ந்தவருக்கு அதற்கு முன்னர் ஒரு வாழ்க்கை இருந்தது. பழைய சிநேகிதர், பாதியில் விட்ட படிப்பு, பிடித்த பாட்டு, அப்பாவோடு போட்ட சண்டை. வெளியே வந்தால் திரும்பிப் போக அந்த இடம் உண்டு. உதவ வருபவர்களும் அந்தப் பழைய ஆளைத்தான் தட்டி எழுப்பப் பார்ப்பார்கள். உள்ளே பிறந்தவருக்கு முன்கதை கிடையாது. முதற்சோறும் முதற்சொல்லும், சிலருக்குப் பெயரும்கூட அங்கிருந்து வந்தவை. குழு பிழை என்று ஒப்புக்கொண்டால் தன்னில் என்ன மிஞ்சும் என்று அவருக்குத் தெரியாது.

ஸ்டொக்ஹோம் உதாரணத்தை, அதாவது பணயக்கைதிகள் தங்களைப் பிடித்துவைத்தவர் பக்கமே சாய்ந்த கதையை, இதற்குள் இழுப்பதும் பொருந்தாது. 1973 ஓகஸ்டில் அந்த நகரத்து வங்கி ஒன்றில் பணயம் வைக்கப்பட்ட நால்வரும் வளர்ந்தவர்கள். ஆறாம் நாள் வெளியே வந்தார்கள், போவதற்கு அவர்களுக்கு வீடு இருந்தது.

ஜூன் 4, புதன்

பயந்த பிள்ளை தாயிடம் ஓடும். தாயே பயமுறுத்தினாலும் தாயிடம்தான் ஓடும். வேறு ஆள் இல்லை. உளவியலாளர்கள் மேரி மெயினும் எரிக் ஹெஸ்ஸும் 1990இல் எழுதியது இதைப் பற்றித்தான்: பயத்தின் காரணமும் பயத்துக்கு மருந்தும் ஒரே ஆளாகிவிட்டால், பிள்ளையால் கிட்டப் போகவும் முடியாது, விலகவும் முடியாது. இத்தகைய குழுக்களை ஆராய்ந்த அலெக்ஸாண்ட்ரா ஸ்டைன் இதைக் கட்டுப்பாட்டுக் குழுக்களுக்குப் பொருத்திக் காட்டினார்.

ஓர் இரவுக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அரை மணித்தியாலம் உலகம் அழியப்போகிறது, வெளியே இருப்பவர்கள் உங்களைத் தின்றுவிடுவார்கள் என்ற பேச்சு. பிறகு விளக்கைக் குறைத்து, கைகோத்து, பாட்டு. பயமும் ஆறுதலும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. ஆறுதல் உடம்பில் தங்கிவிடும். பயத்தை மூட்டியது யார் என்பது தங்காது. இருபது வருடத்துக்குப் பின்னும் அந்தப் பாட்டைக் கேட்டதும் கண் கலங்குவது இதனால்தான். அந்தக் கண்ணீரை வைத்து, ஆள் இன்னும் அவர்கள் பக்கம்தான் என்று முடிவு கட்டக் கூடாது.

உளவியலாளர் ஜெனிஃபர் ஃபிரெய்ட் 1990களில் முன்வைத்த விளக்கமும் இதற்குப் பக்கத்தில் நிற்கிறது. சோறு போடுபவரே துரோகம் செய்தால், அதைக் காணாமல் இருப்பதுதான் பிள்ளைக்குப் பிழைக்கும் வழி. கண்டுவிட்டால் முகம் மாறும், எதிர்த்துக் கதைக்கும், அதோடு அரவணைப்பு நிற்கும். ஆகவே "அப்பிடிப் பெரிசா ஒண்டும் நடக்கேல்லை" என்பதைப் பொய்யென்று எடுக்கத் தேவையில்லை.

குழுவைக் குற்றம் சொன்னால் அது அம்மாவின் தலையில்தான் விடியும். தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்தவர் அவர், பிள்ளையைக் கூட்டிப்போனவரும் அவர். இதற்கும் அடியில் இன்னொன்று கிடக்கும். தம்பி ஒளித்து வானொலி கேட்டதைக் காட்டிக்கொடுத்தது, சின்னப் பிள்ளைகளுக்குத் தானே அடித்தது, விலகிப்போன சிநேகிதியைத் தெருவில் கண்டு முகத்தைத் திருப்பியது. குழு சரி என்றால் இவையெல்லாம் கடமை. குழு பிழை என்றால் இவை என்ன? எங்கள் கணிப்பில், வாய்விட்டுச் சொல்லப்படாத காரணங்களில் மிகப் பாரமானது இதுதான்.

ஜூன் 5, வியாழன்

"எந்த வீட்டிலதான் பிள்ளைக்கு அடிக்கேல்லை?" நம்மவர் மத்தியில் மிக வலுவாக நிற்கும் வாதம் இது, இதில் உண்மையும் உண்டு. பெரியவர் சொன்னால் கேள், வீட்டுக் கதையை வெளியே கொண்டுபோகாதே, மகளை யார் கட்டுவது என்பதைப் பெற்றவர் தீர்மானிப்பர்: இதெல்லாம் கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் சாதாரண வீடுகளில் நடப்பதுதான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருவர் வந்து குழுவின் ஒழுங்கைக் குறை சொன்னால், உள்ளே வளர்ந்தவருக்குச் சிரிப்பு வரும்.

வேறுபாடு கண்டிப்பின் அளவில் இல்லை. தப்பிக்கிற வழிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. கண்டிப்பான வீட்டில் பிள்ளைக்கு மாமா ஒருவர் இருப்பார், வகுப்பாசிரியர் இருப்பார், பக்கத்து வீட்டு அக்கா இருப்பார். அப்பா சொன்னது பிழை என்று அவர்களில் ஒருவராவது சொல்லலாம், சொன்னதற்காக அவரை யாரும் ஒதுக்கிவிடுவதில்லை. இறுகிய குழுவில் அம்மா, ஆசிரியர், வேலை கொடுப்பவர், கலியாணம் பேசுபவர், செத்தவீட்டுக்கு வருபவர் எல்லோரும் ஒரே தலைமைக்குக் கீழே இருப்பார்கள். கேட்டுப் பார்க்க ஒரே கேள்வி போதும்: விலகிப்போனவர் மறுநாள் மத்தியானம் தாய் வீட்டில் இருந்து சாப்பிடலாமா?

ஜூன் 9, திங்கள்

பட்ட கஷ்டம் பற்றைக் கூட்டும் என்பார்கள். உளவியலாளர்கள் எலியட் அரொன்சனும் ஜட்சன் மில்ஸும் 1959இல் செய்த சோதனை இதற்கு அடிக்கடி காட்டப்படுகிறது. கூச்சம் மிகுந்த நுழைவுத் தேர்வைத் தாண்டி ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர்ந்த மாணவிகளுக்கும், சும்மா சேர்ந்தவர்களுக்கும், வேண்டுமென்றே சலிப்பாக அமைத்த ஒரே உரையாடலைப் போட்டுக் காட்டினார்கள். கஷ்டப்பட்டுச் சேர்ந்தவர்களுக்குத்தான் அது சுவையாக இருந்தது.

இதைப் பிள்ளைகளுக்கு அப்படியே ஒட்ட முடியாது. நானே விரும்பித் தேர்ந்தேன் என்ற எண்ணம் இருந்தால்தான் இந்த விளைவு வலுவாக இறங்கும். பிறந்த பிள்ளை எதையும் தேரவில்லை. குழுக்களுக்கு இது தெரிந்திருக்கிறது போலும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு சடங்கு வைக்கிறார்கள்: முழுக்கு, உறுதிமொழி, தீட்சை, கைதூக்கல், ஏதோவொன்று. ஒரு வருடம் ஆயத்தம், ஊரெல்லாம் பார்க்க மேடை, அழுத முகத்தோடு அம்மா. "யாரும் வற்புறுத்தவில்லைத்தானே?" என்று கேட்பார்கள். இல்லை என்று பிள்ளை சொல்லும். அன்று முதல் அது பிள்ளையின் சொந்த முடிவு. முப்பது வயதிலும் "நான்தானே கை தூக்கினனான்" என்று சொல்பவரிடம், அந்த நாளில் மாட்டேன் என்றிருந்தால் இரவு எங்கே படுத்திருப்பீர்கள் என்று கேட்கலாம். குத்தலாகக் கேட்டால் வேலைக்காகாது.

ஜூன் 10, செவ்வாய்

பிள்ளைகளைப் பிரசாரத்துக்கு வீடு வீடாக அனுப்புவதால் புதிதாகச் சேருபவர் குறைவு. ஆனால் கதவைச் சாத்தும் ஒவ்வொரு வீடும், வெளியுலகம் கொடியது என்ற பாடத்தைப் பிள்ளைக்கு இலவசமாக நடத்துகிறது. களைத்துத் திரும்பினால் மண்டபத்தில் தேத்தண்ணியும் கைதட்டலும். தெருவில் துண்டுப்பிரசுரம் நீட்டும் பிள்ளையோடு சண்டை பிடிக்காதீர்கள். வெயில் எப்படி என்று கேட்டாலே அந்தப் பாடத்தில் ஒரு வரி அழிந்துவிடும்.

ஜூன் 13, வெள்ளி

உறவினர் முதலில் ஓடுவது பொலிசுக்கு. 18 வயது தாண்டியவரென்றால் அங்கே செய்யக்கூடியது மிகக் குறைவு. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகிறது, உள்ளே இருக்க விரும்புபவருக்கும்தான். பொலிஸ் அவரைக் கூப்பிட்டுக் கேட்கும், விருப்பத்தோடுதான் இருக்கிறேன் என்பார், கையெழுத்து வைப்பார். எழுதிக் கொடுத்துவிட்டதால், அதுவரை இருந்த சின்னச் சந்தேகத்தையும் அவரே விழுங்கிவிடுவார். அடைத்துவைத்தல், அடித்தல், பணப் பறிப்பு என்று திட்டமான குற்றம் இருந்தால் மட்டும் அந்த வழி.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் கதை வேறு. 1929 என்ற தொலைபேசி இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்குச் சொல்லலாம். 5 முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம் என்பதால், பிள்ளை பாடசாலைக்குப் போகிறதா என்ற கேள்வியோடு தொடங்குவது சுலபம். நம்பிக்கை பற்றிய வாக்குவாதம் அதற்குள் வராது.

அடுத்த தவறு, ஆளை நேரே இன்னொரு போதகரிடமோ சாமியாரிடமோ கூட்டிப்போவது. ஒரு மேடையிலிருந்து இறக்கி மற்ற மேடைக்கு முன்னால் இருத்துகிற வேலை இது, பழைய மேடையே மேல் என்று அவர் நினைத்தால் ஆச்சரியமில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கதைக்கும் முறை. தனியாக, அரை மணித்தியாலத்துக்கு மேல் போகாமல். காலி வீதிப் பக்கம் ஒரு தேநீர்க்கடை போதும். உறவினர் நிறைந்த வரவேற்பறை வேண்டாம். தொலைபேசியில் என்றால், யாரோ பக்கத்தில் நின்று கேட்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதுவது மேலே இருப்பவர்களுக்குப் போய்ச்சேரலாம். அங்கே அவர் சொல்லும் புகழ்ச்சியில் பாதி அவர்களுக்காகச் சொல்லப்படுவது.

கொள்கையைத் தொடக் கூடாது. வேதவசனம், குருவாக்கு, அரசியல், எதுவானாலும் அவர் ஆயிரம் தடவை ஒத்திகை பார்த்த பகுதி; அதில் உங்களால் வெல்ல முடியாது. குழு கொடுத்த தேய்ந்த தொடர்களும் அங்கேதான் கைகொடுக்கும். சந்தேகம் தலைதூக்கும்போதே "இது சோதனை", "இது அகங்காரம்" என்று ஒரு தொடர் வந்து அதை மூடிவிடும். மனநல மருத்துவர் ரொபர்ட் லிஃப்டன் 1961இல் சிந்தனைக் கட்டுப்பாட்டுக்கு வகுத்த எட்டு அடையாளங்களில் இதுவும் ஒன்று. ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டால் அந்தத் தொடர்களுக்கு வேலை இல்லை. எத்தனை மணிக்கு எழும்புவீர்கள்? பிந்தினால் என்ன நடக்கும்? அடையாள அட்டை யாரிடம் இருக்கிறது? சம்பளம் எந்தக் கணக்குக்குப் போகிறது? காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் போக யாரிடம் கேட்க வேண்டும்? விலகிப்போனவரை என்ன பெயரால் சொல்வார்கள்? பதிலைக் கேட்டு முகத்தைச் சுளிக்காதீர்கள். முகம் சுளித்த அடுத்த நொடி அவர் குழுவின் வழக்கறிஞராகிவிடுவார்.

நல்லது இருந்ததென்றால் மறுக்க வேண்டாம். 1978 நவம்பரில் கயானாவின் ஜோன்ஸ்டவுனில், 'மக்கள் ஆலயம்' என்ற அமெரிக்க மதக் குழுவின் குடியிருப்பில், 900க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். தப்பியவர்கள் பலர், அந்த அமைப்பு கலிபோர்னியாவில் முதியோருக்கு நடத்திய இல்லங்களையும், கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக வாழ்ந்ததையும் இன்றும் சொல்கிறார்கள். அதுவும் நடந்தது. குழுவில் எல்லாமே பொய் என்று சொல்பவரை, அந்த நல்லதைக் கண்ணால் கண்டவர் எப்படி நம்புவார்?

ஜூன் 20, வெள்ளி

கடதாசி வேலை. விட்டுவரச் சொல்வதற்கு முன்னரே இதைத் தொடங்கலாம். பிறப்புச் சான்றிதழின் பிரதி பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். அடையாள அட்டைக்கு 15 வயதிலிருந்தே விண்ணப்பிக்கலாம். பாடசாலையில் இல்லாதவர் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் போக வேண்டும். தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் தேவை. பிறகு சொந்தப் பெயரில் ஒரு வங்கிப் புத்தகம், குழுவுக்குத் தெரியாத ஒரு சிம். சாதாரண தரப் பரீட்சை எழுதாதவர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். போக இடம், செலவுக்குக் காசு, கையில் அட்டை என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர, தற்காத்துப் பேசும் வேகம் தானாகத் தணிவதுண்டு. அவ்வளவு காலமும் அவர் காத்து நின்றதில் பாதி, தலைக்கு மேலிருந்த கூரை.

ஜூன் 25, புதன்

வெளியே வந்து வருடங்கள் போன பிறகும் சிலர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பத்திரிகையில் குழுவின் பெயர் அடிபட்டால் சுருக்கென்று கோபம் வரும். அம்மாவும் தம்பியும் இன்னும் உள்ளே என்றால், வெளியில் சொன்ன ஒரு சொல் தாய்வீட்டுக் கதவை மூடிவிடும் என்பது அவருக்குத் தெரியும். நித்திரை கெடுதல், காரணமில்லாத நடுக்கம், செத்துப்போகலாம் என்ற நினைப்பு இருந்தால் உளவளத்துணைக்குக் காத்திராமல் 1926ஐ அழைக்க வேண்டும். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் ஆள் இருக்கும். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்டு ஆறுதல் தரும் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பும் உண்டு.

ஒருநாள் அவரே குறை சொல்லத் தொடங்குவார், அதுவும் சின்னதாக: சாப்பாடு சரியில்லை, மண்டபத்தில் மின்விசிறி இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நாலு குறை சேர்த்தால் அடுத்த வசனத்திலேயே தற்காப்புக்குத் திரும்பிவிடுவார். மின்விசிறி பற்றி மட்டும் கேளுங்கள்.