வெண்கட்டிக் கோடுகள்

பத்தாம் ஆண்டு வரையில் சித்திரம் என்றால் எனக்குக் கடதாசியும் வர்ணமும்தான். அந்த எண்ணத்தை எங்கள் சித்திர ரீச்சர் ஒரு வெண்கட்டியால் மாற்றினார்.

2004 மார்கழி 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடந்த நாவலடிக் கிராமம் அழிந்துபோனது. தப்பி வந்தவர்களில் 23 குடும்பங்கள் எங்கள் பாடசாலை மண்டபத்தில் தங்கின. மேசைகளை அடுக்கி, சேலைகளைக் கட்டி இடம் பிரித்துக்கொண்டார்கள். சில மாதங்களில் அவர்கள் தற்காலிகக் கொட்டில்களுக்குப் போனார்கள். மண்டபத்தைக் கழுவிவிட்டு, அதே தரையில் நாங்கள் காலைக்கூட்டத்துக்கு நின்றோம்.

முதலாம் ஆண்டு நினைவுக்குச் சுவர் நிறையப் பேரலை ஒன்றை வரைகிறேன் என்று ரீச்சரிடம் கேட்டேன். "அலையை அவர்கள் பார்த்துவிட்டார்கள், பிள்ளை. அவர்கள் இங்கே எப்படி இருந்தார்கள் என்று நாங்கள் பார்த்தோமா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

பிறகு, நினைவு நாளில் மண்டபத்துக்கு வரும்படி அந்தக் குடும்பங்களை அழைக்க, இரண்டு கிழமை பின்னேரங்களில் சைக்கிளில் கொட்டில் கொட்டிலாகப் போனோம். முதல் நாள் கொப்பி கொண்டுபோகக் கூடாது, கமரா எப்போதுமே கூடாது என்பது ரீச்சரின் கட்டளை. தேநீர் தந்தால் குடிக்க வேண்டும். வர மாட்டோம் என்று சொன்னால் ஏன் என்று கேட்காமல் திரும்ப வேண்டும். மூன்று குடும்பங்கள் மறுத்தன. ஒரு ஐயா எங்களைக் கடுமையாகவே ஏசினார். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது என்று ரீச்சர் சொன்னார். கலையைப் பற்றி நான் கேட்ட மிகப் பெரிய பாடம் அதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

வந்த குடும்பங்களுக்காக, எங்கள் நினைவில் இருந்தபடி மண்டபத் தரையில் ஒவ்வொருவர் இடத்தையும் வெண்கட்டியால் கீறிவைத்தோம். அவர்கள் அதைப் பிழை பிடித்தார்கள். "இது எங்கள் இடம் இல்லை, அந்தத் தூணடி" என்று பாயைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஒரு அம்மா இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருந்த கோட்டைக் காலால் அழித்தார். இரவில் பிள்ளைகள் பயந்து அழுவதால் பக்கத்துக் குடும்பத்தோடு சேர்ந்தே படுத்தார்களாம், சேலையைக் கழற்றிவிடுவார்களாம். அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ரீச்சர் கூத்து ஆடும் ஊரில் பிறந்தவர். கூத்து ஆடும் வட்டமான களமாகிய வட்டக்களரியைச் சுற்றிச் சனம் இருக்கும், முன்பக்கம் பின்பக்கம் இல்லை. நினைவு நாளன்றும் மண்டப மேடையை அவர் பூட்டியே வைத்திருந்தார். அதிதிகளுக்குக் கதிரையும் போடவில்லை.

ஓர் இடத்தையே படைப்பாக்கும் தாபனக் கலை, பார்ப்பவர் முன் செய்துகாட்டும் ஆற்றுகை என்ற சொற்களைப் பல்கலைக்கழகத்தில்தான் அறிந்தேன். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் தோம்பு (பழைய காணிப் பதிவேடு என்று பொருள்) நூல் 2011 இல் வந்தது. இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீடுகளை நினைவிலிருந்து கோடுகளாகக் கீறிக் கொடுத்திருந்தார்கள். ரொறொன்ரோவில் அதை விரித்தபோது என் விரல்களில் வெண்கட்டித் தூள் ஒட்டியிருப்பதுபோல் இருந்தது. சொந்தக்காரரின் கையே கோட்டைக் கீற வேண்டும் என்பதைத்தானே ரீச்சரும் செய்தார்!

அந்த மண்டபத்துக்கு மாபிள் பதிக்க நமது பழைய மாணவர் சங்கம் பணம் சேர்க்கிறது. என் பங்கை அனுப்பிவிட்டேன். யன்னல் பக்கத் தூணடியில், ஒரு பாய் விரிக்கும் அளவுக்காவது, பழைய சீமெந்துத் தரையை அப்படியே விடும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.