லைப்சிக் தபால் குறிப்புகள்

6 செப்டம்பர் 2025

புது வீட்டில் முதல் வேலையாகத் தபால் பெட்டியில் பெயர் ஒட்டினோம். ஜெர்மனியில் முகவரியில் கதவு எண் பொதுவாக இருக்காது. தெரு, கட்டட எண், ஐந்து இலக்கக் குறியீடு, ஊர், அவ்வளவுதான். எத்தனை குடும்பம் இருந்தாலும், கீழே வரிசையாக இருக்கும் பெட்டிகளில் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் போடுகிறார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். இங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு பெயர் போதும். எங்களுக்கோ என் பெயர், என் அப்பா பெயர், மனைவி பெயர், மாமனார் பெயர் என்று நான்கு. எந்தப் பெயரில் தபால் வரும் என்று சொல்ல முடியாது என்பதால் நான்கையும் பொடி எழுத்தில் அச்சடித்து ஒட்டியாயிற்று. மேல்வீட்டுப் பெரியவர் நின்று ஒவ்வொன்றாக வாசித்து, உச்சரிப்பு சரியா என்று கேட்டார். இந்தக் கட்டடத்தில் என்னிடம் பேசிய முதல் ஆள் அவர்தான்.

14 செப்டம்பர்

மனைவி பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் மொழி வகுப்பு தவிர எனக்கு வேறு வேலை இல்லை. போஸ்ட்கிராசிங்கில் சேர்ந்துவிட்டேன். 2005-ல் போர்ச்சுகலில் ஆரம்பித்த அஞ்சலட்டைப் பரிமாற்ற ஏற்பாடு இது. நாம் கேட்டால் உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருவருடைய முகவரியும் ஒரு எண்ணும் கிடைக்கும். கார்டில் அந்த எண்ணைக் கட்டாயம் எழுத வேண்டும். கார்டு கிடைத்தவர் எண்ணைப் பதிவு செய்ததும், நம் முகவரி வேறொருவருக்குப் போகும். யாருக்கு எழுதினோமோ அவரிடமிருந்து பதில் கார்டு வராது. முகம் தெரியாத மூன்றாம் ஆளிடமிருந்து வரும். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. நீ போட்டாய், நானும் போட வேண்டும் என்கிற மொய்க்கணக்கு இதில் கிடையாது.

கார்டுக்கு ஸ்டாம்பு உள்நாடு 95 சென்ட், வெளிநாடு 1.25 யூரோ. இந்த வருடம் ஜனவரியிலிருந்து இந்த விலை. நம்மூர் 50 பைசா கார்டை நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. பின்லாந்துக்கும் தைவானுக்கும் தாமஸ் தேவாலயப் படம் அனுப்பினேன். 1723 முதல் இறக்கும் வரை இசையமைப்பாளர் பாக் இசைப் பொறுப்பில் இருந்த, இந்த ஊர்த் தேவாலயம்.

22 செப்டம்பர்

இங்கே பல தபால் நிலையங்கள் தனிக் கட்டடத்தில் இல்லை. எங்கள் பேட்டையில் நோட்டு, பேனா விற்கும் கடையின் ஒரு மூலையில்தான் கவுண்டர். சும்மா கார்டை நீட்டினால் வெள்ளை லேபிளை அச்சடித்து ஒட்டிவிடுவார்கள். "ஸ்டாம்பு வேண்டும், புதிதாக வந்த விசேஷ ஸ்டாம்பு" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டதும் அந்தப் பெண் ஒரு தடித்த ஃபைலை எடுத்து வைத்து, பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

2021-லிருந்து ஸ்டாம்பின் ஓரத்தில் சின்னக் கட்டமாக ஒரு குறியீடு அச்சாகிறது. ஒவ்வொரு ஸ்டாம்புக்கும் தனித்தனிக் குறியீடு என்பதால், முத்திரை விழாமல் வந்தாலும் இன்னொரு தடவை ஒட்ட முடியாது. அழகைக் கெடுக்கிறது என்று பெரியவருக்குக் கோபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் காலத்து ஸ்டாம்பு என்பதற்கு அதுவே அடையாளமாக இருக்கட்டும்.

1 அக்டோபர்

இன்று உலக அஞ்சலட்டை தினம். 1869-ல் இதே நாளில் ஆஸ்திரியா-ஹங்கேரியில் உலகின் முதல் அரசு அஞ்சலட்டை விற்பனைக்கு வந்தது. நான்கு வருடத்துக்கு முன்பே ஹைன்ரிஷ் ஃபான் ஸ்டெஃபான் என்ற பிரஷ்யத் தபால் அதிகாரி இந்த யோசனையைச் சொல்லியிருந்தார், ஏற்கப்படவில்லை. பிறகு எமானுவேல் ஹெர்மன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் வியன்னாவில் எழுத, அங்கே உடனே நடந்துவிட்டது. ஜெர்மனிக்கு வந்தது 1870-ல். பத்து வருடத்துக்குள், 1879-ல், இந்தியாவில் காலணாக் கார்டு. அப்பா கடைசிவரை கார்டில்தான் எழுதினார்: பிள்ளையார் சுழி, நலம், நலமறிய ஆவல், பிறகு இடம் தீரும்வரை மழை, விளைச்சல். தபால்காரரும் வாசிப்பார் என்று தெரிந்தே எழுதின கடிதங்கள்.

26 அக்டோபர்

ஊருக்குத் தெற்கே 'ஆக்ரா' என்ற கண்காட்சித் திடலில் மாதக் கடைசிப் பழம்பொருள் சந்தை. பெரியவர் கூடவே வந்தார். அவர் இல்லாவிட்டால் பாதி விஷயம் புரிந்திருக்காது.

சின்ன வயதில் பெட்டிக்கடையில் ஸ்டாம்பு பாக்கெட் வாங்குவோமே, அதில் ஹங்கேரியின் 'மக்யார் போஸ்டா'வோடு, அன்றைய கிழக்கு ஜெர்மனியின் 'டிடிஆர்' என்று நிறைய வரும். மூலையில் கச்சிதமாக முத்திரை, பின்னால் பசை அப்படியே இருக்கும். கடிதத்தில் ஒட்டாமலே முத்திரை குத்தி வெளிநாட்டு வியாபாரிகளுக்கு மலிவாக விற்றவை அவை என்று இன்றுதான் கேட்டேன். அந்த டிடிஆர் இருந்த மண்ணில்தான் இப்போது குடியிருக்கிறேன்.

லைப்சிக் வர்த்தகச் சந்தைக்காக கிழக்கு ஜெர்மனி வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஸ்டாம்பு வெளியிட்டது. பெரும்பாலும் இயந்திரங்கள், கருவிகள், சந்தைக் கட்டடங்கள். கூடவே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு 'எம்' எழுத்துள்ள சின்னம். அந்த இரட்டை 'எம்' பழைய வர்த்தகச் சந்தைத் திடலில் இன்றும் கோபுரம் போல நிற்கிறது. சரி, இதையே சேர்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன். உலகம் முழுக்கச் சேர்க்க ஆயுள் போதாது. நான் இருக்கும் ஊரை ஸ்டாம்பு வழியாகப் படிக்கலாம்.

பெரியவர் வேறொரு ஸ்டாம்புக் கட்டிலிருந்து ஒன்றை இடுக்கியால் எடுத்துக் காட்டினார். "இது எளிதில் கிடைக்காது" என்றார். அந்தக் காலத்தில் பல ஸ்டாம்பு வரிசைகளில் ஒரு விலையுள்ள ஸ்டாம்பை மட்டும் வேண்டுமென்றே குறைவாக அச்சடித்தார்களாம். சேகரிப்பாளர் அட்டை வைத்திருந்தவருக்கு மட்டும் அளவாகக் கொடுப்பார்கள், ரேஷன் கார்டுக்குச் சர்க்கரை போடுவது போல. முழு வரிசை வேண்டும் என்கிற மேற்கத்தியர் அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கட்டும் என்பது அரசின் கணக்கு. அவர் தன் அட்டையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இன்னொரு மேசையில் 1923-ம் வருடத்து 50 மில்லியார்டன் மார்க் ஸ்டாம்பு வாங்கினேன். நம் கணக்கில் 5,000 கோடி. பணவீக்கம் முற்றி, அந்த நவம்பரில் புது நாணயம் வந்தபோது ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க் கிடைத்தது. ஆக இந்த 5,000 கோடியின் மதிப்பு ஐந்து ஃபெனிக், மார்க்கில் நூறில் ஐந்து பங்கு. ஒட்டாத புது ஸ்டாம்பு ஏராளமாக மிஞ்சிவிட்டதால் இன்றும் காபி விலை கூட இல்லை. அந்தச் சில வாரங்களில் உண்மையாகவே ஒட்டி அனுப்பிய உறைகளுக்குத்தான் மதிப்பு. அதிலும் போலி முத்திரை உண்டு, நிபுணர் சோதித்ததைத்தான் வாங்க வேண்டும் என்றார் பெரியவர்.

2 நவம்பர்

உறைத் துண்டிலிருந்து கழற்ற ஸ்டாம்பு ஊறவைத்தேன். வெதுவெதுப்பான நீர், ஸ்டாம்பு கீழ்ப்பக்கம் பார்த்து. சிவப்பு, பச்சை உறைத் துண்டுகள் சாயம் விடும், அவற்றுக்குத் தனிக் கிண்ணம். தானாகக் கழன்று மிதக்கும்வரை கை வைக்கக் கூடாது. அப்புறம் உறிஞ்சுதாளில் காயவைத்து, கனமான புத்தகத்துக்குள். முத்திரையில் ஊரும் தேதியும் தெளிவாக இருந்தால் கழற்றாமல் உறையோடு வைத்துக்கொள்கிறேன்.

16 நவம்பர்

பெர்லின். தகவல்தொடர்பு அருங்காட்சியகம் இருப்பது லைப்சிகர் தெருவில்! 1872-ல் ஸ்டெஃபான் தொடங்கிய தபால் அருங்காட்சியகத்தின் வாரிசு. மொரிஷியஸின் 1847-ம் வருட ஸ்டாம்புகள், சிவப்பு ஒரு பென்னியும் நீல இரண்டு பென்னியும், இங்கே இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது ஒளித்துவைத்து, அமெரிக்கா போய், 1990-ல் திரும்பியவை. நகம் அளவுக் காகிதத்தில் விக்டோரியா முகம், இடது ஓரத்தில் 'போஸ்ட் ஆஃபீஸ்' என்ற எழுத்து. ரூபாய் நோட்டில் இன்றும் தமிழ் அச்சடிக்கும் நாட்டின் ஸ்டாம்பு என்று நினைத்தபோது அந்தக் கண்ணாடியை விட்டு நகர மனமில்லை.

7 டிசம்பர்

தைவான்காரர் கார்டைப் பதிவு செய்து நன்றியும் சொல்லிவிட்டார். ஜப்பானிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் கார்டுகள் வந்திருக்கின்றன. மதுரையில் அண்ணன் மகள் ஹிம்மெல்ஃபோர்ட்டுக்கு, கிறிஸ்துமஸ் தாத்தாவின் தபால் நிலையத்துக்கு எழுதியிருக்கிறாள். பிராண்டன்பர்கில் உள்ள அந்தச் சின்ன ஊருக்கு 1984-ல் இரண்டு குழந்தைகள் எழுதியதில் தொடங்கிய வழக்கம். மூன்றாம் ஆட்வென்ட் ஞாயிறுக்குள், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் மூன்றாவதற்குள், கடிதம் சேர்ந்தால் பதில் உண்டு, இந்த வருடம் அது 14-ம் தேதி.

பெரியவர் லைப்சிக் வர்த்தகச் சந்தை ஸ்டாம்புகளில் தன்னிடம் இரண்டாக உள்ளவற்றைப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார். பதிலுக்கு அவருக்கு இந்திய ரயில் ஸ்டாம்புகள் வேண்டும். கும்பகோணத்தில் அத்தை மகனுக்கு எழுதியிருக்கிறேன்: ஸ்டாம்பைக் கிழிக்காதே, உறையோடு அனுப்பு, தலைமைத் தபால் நிலையத்துக்கே போய் வட்ட முத்திரை தெளிவாக விழும்படி கேட்டு வாங்கு.