முதற்சுற்றிலேயே முழு வேகம்

பெங்களூரில் அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கான சிறப்புப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். அல்சூர், காக்ஸ் டவுன் பக்கமிருந்து வரும் பிள்ளைகளில் தமிழ்க் குடும்பத்தினர் நிறையப் பேர் என்பதால், பெற்றோரிடம் பேசும் பொறுப்பு பெரும்பாலும் என் தலையில்தான் விழும். "ஓடட்டும் சார், ஆனா போட்டியெல்லாம் வேணாம், தோத்துட்டா தாங்க மாட்டான்" என்பார்கள். தாங்க மாட்டாதவர் யார் என்று எனக்குத் தெரிந்தாலும் அங்கே சொல்வதில்லை. போட்டி எப்படி நடக்கிறது என்பதைத்தான் விளக்குவேன்.

1968-இல் சிகாகோவில் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகளில், அறிவுசார் குறைபாடு உடையவர்களில் எட்டு வயது நிரம்பிய எவரும் கலந்துகொள்ளலாம், மேல்வரம்பு கிடையாது. படிவங்களில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று மருத்துவப் படிவம். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்திருக்கும். அந்நிலையில் குட்டிக்கரணமோ, நீரில் தலைகீழாகப் பாய்வதோ தண்டுவடத்தைப் பாதிக்கலாம். நடையில் தடுமாற்றம் உண்டா, கை கால் மரத்துப்போகிறதா என்று மருத்துவர் கேட்டுப் பார்க்க வேண்டும். "கையெழுத்துதானே" என்று பிள்ளையைப் பார்க்காமலே போட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. அத்தகைய படிவத்தை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

பயிற்சியில் கடினமானது வேகமன்று, முடிவுக்கோடு. "கோடு வரைக்கும் ஓடு" என்று சொன்னால், எங்கள் மாணவன் ஒருவன் சொன்னதைச் சொன்னபடியே செய்து, கோட்டின்மேல் இரு பாதங்களையும் ஒட்டி வைத்து நின்றுவிடுவான். மற்றவர்கள் அவனைக் கடந்து போவார்கள். கோட்டுக்கு ஐந்து மீட்டர் தள்ளி நான் நின்றுகொண்டு, என் உள்ளங்கையில் வந்து அடிக்கச் சொன்ன பிறகே வேகம் குறையாமல் கோட்டைத் தாண்டினான். போட்டி நாளில் அங்கே நான் நிற்க முடியாது என்பதால், பிறகு கையின் இடத்தில் ஒரு கூம்பை வைத்தோம், கடைசியில் கூம்பையும் எடுத்துவிட்டோம்.

பெற்றோரின் அச்சத்துக்கு விடை பிரிவுமுறையில் இருக்கிறது. வயது, பாலினம் ஆகியவற்றுடன் முதற்சுற்றில் எடுத்த நேரத்தையும் வைத்து, ஏறத்தாழ ஒரே திறன் உள்ளவர்களை மூன்று முதல் எட்டுப் பேர் கொண்ட பிரிவுகளாக்குகிறார்கள். மெதுவாக ஓடுபவருக்கும் தமக்கு இணையானவருடன் மோதும் வாய்ப்புக் கிடைக்கிறது. இதில் ஓர் ஓட்டையும் உண்டு: முதற்சுற்றில் மெதுவாக ஓடவிட்டால் எளிய பிரிவில் தங்கம் வாங்கிவிடலாம். அதற்காகவே, இறுதிச் சுற்றில் திடீரென்று தம் முதற்சுற்று நேரத்தைவிட மிகவும் வேகமாக ஓடினால் தகுதிநீக்கம் செய்ய விதி இருக்கிறது. "முதல்ல கொஞ்சம் அடக்கி ஓடச் சொல்லுங்க சார்" என்று கேட்ட தந்தைக்கு நான் இந்த விதியைத்தான் காட்டினேன். ஓடுபவரின் முழு முயற்சியைக் கோரும் இவ்விதி, அவரைப் பரிதாபத்துக்குரியவராக அல்லாமல் வீரராக மதிக்கிறது என்பது என் கருத்து.

மாற்றுத்திறனாளிகளுக்கான 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில், அறிவுசார் குறைபாடு உடைய இந்திய வீராங்கனை தீப்தி ஜீவன்ஜி 400 மீட்டரில் வெண்கலம் வென்றபின், அங்கே போக வழி கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அது வேறு பாதை. தடகளம், நீச்சல், மேசைப்பந்து என மிகச் சில போட்டிகளே அங்கே இவர்களுக்கு உண்டு. அவற்றிலும் உச்ச நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இடம். 2000-இல் சிட்னியில் ஸ்பெயின் கூடைப்பந்து அணி குறைபாடு இல்லாதவர்களைச் சேர்த்து ஏமாற்றியது அம்பலமானதால், 2012 லண்டன் போட்டி வரை இப்பிரிவினருக்கு அந்தக் கதவே மூடிக் கிடந்தது.

என்னை அதிகம் உறுத்துவது பள்ளிக்குப் பிந்தைய காலம். போட்டிக்கு வயது வரம்பு இல்லை, மைதானத்துக்கு இருக்கிறது. பள்ளியை முடித்தவர் பயிற்சிக்கு எங்கே போவார்? நிர்வாகத்திடம் பேசி, சனிக்கிழமைக் காலைகளில் பழைய மாணவர்களையும் அனுமதித்திருக்கிறோம். சிலர் தனியாகவே பேருந்தில் வந்து, போச்சே என்ற பந்து உருட்டும் விளையாட்டின் பந்துகளை எண்ணிப் பார்த்துத் தாங்களே எடுத்து வைக்கிறார்கள். பள்ளியின் வருகைப் பதிவேட்டில் அவர்களுக்கு இடமில்லாததால், தனியாக ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன்.