பெத்லகேமில் தீர்ந்த நேர்ச்சைக் கடன்

தம்பிக்குக் குழந்தை பிறந்தால் பாலன் இயேசு பிறந்த இடத்துக்கே வந்து நன்றி சொல்வதாக அம்மா நேர்ந்திருந்தார். பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான். கடன் இப்போதுதான் தீர்ந்தது.

முதலில் கடலோரச் செசரியா. யூதேயாவை ஆண்ட பெரிய ஏரோது, உரோமைப் பேரரசர் அகுஸ்து சீசருக்குக் கோயில் கட்டிய ஊர். கப்பலில் வருகிறவர்கள் கண்ணில் படும்படி துறைமுகத்துக்கு எதிரே மேட்டில் கட்டினார். சீசரோ நாணயத்திலேயே 'தெய்வ மகன்' என்று பொறித்துக்கொண்டவர். கோயிலில் மிச்சம் அடித்தளக் கற்கள்தான். இதே ஊரில் ஏரோதின் பேரன் அக்ரிப்பா அரச உடையில் அமர்ந்து பேச, இது மனிதக் குரலே இல்லை, தெய்வத்தின் குரல் என்று ஜனங்கள் கத்தினார்கள். மனுஷன் மறுக்கவில்லை; புழுத்துச் செத்தார். இதைச் சொல்லும் விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூல் 12-ஆம் அதிகாரத்தை எங்களோடு வந்த சாமியார் அங்கேயே வாசித்தார். "இந்த வெயில்ல இன்னும் எவ்வளவு நடக்கணும்?" என்பதுதான் அம்மாவின் கவலை.

பெத்லகேமில் பேருந்தை விட்டு இறங்கியதுமே ஒலிவமரச் செபமாலைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். வேண்டாம் என்றால் விலை பாதியாகிறது, ஆள் மட்டும் நகர்வதில்லை. அதைத் தாண்டினால் வரிசை.

பிறப்புப் பேராலயத்தின் வாசல் நாலடி உயரம்தான். பழைய பெரிய வாசலை அடைத்துச் சிறிதாக்கிய தடம் சுவரில் அப்படியே தெரிகிறது. குதிரையும் வண்டியும் உள்ளே புகாமலிருக்கச் செய்ததாம். எவராக இருந்தாலும் குனியாமல் நுழைய முடியாது. கடவுள் வடிவில் இருந்த இயேசு தம்மை வெறுமையாக்கி அடிமையின் வடிவை எடுத்தார் என்று பிலிப்பியருக்குப் பவுல் எழுதியதைச் சின்ன வயதிலிருந்தே குருத்து ஞாயிறுதோறும் கேட்கிறேன். முதுகு வளைந்த அந்த நொடியில்தான் அது உள்ளே இறங்கியது. அந்த அகுஸ்து தன் குடிகளை எண்ணிப் பார்க்க இட்ட கட்டளையால்தானே நிறைமாத மரியா இந்த ஊருக்கு வந்தார்! சீசருக்குத் தெரியுமா, யாரை எண்ணச் சொன்னோம் என்று?

பேராலயத்துக்கு அடியில், பாலன் பிறந்த இடமென்று வணங்கும் குகைக்குள் நெரிசல். பீடத்துக்கு அடியில் பளிங்குத் தரையில் பதினான்கு முனை வெள்ளி நட்சத்திரம். முழங்காலில் இருந்து, தலையை உள்ளே நீட்டித்தான் முத்தமிட வேண்டும். அம்மாவுக்கு மூட்டு மடங்காது. பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், காவலுக்கு நின்றவர் சீக்கிரம் சீக்கிரம் என்று கையசைக்கிறார். நான் ஒரு பக்கம் தாங்க, எந்த நாட்டுக்காரரோ, தலையில் முக்காடு போட்ட ஒரு அம்மாள் மறுபக்கம் தாங்கினார். அம்மா தரையில் உட்கார்ந்து, சரிந்து, நட்சத்திரத்தில் கையை வைத்துப் பேரன் பெயரைச் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். முத்தமிட்டபோது கண்ணீர் அந்த வெள்ளியில் விழுந்தது. காவலர்கூட அப்புறம் அவசரப்படுத்தவில்லை.

மேலே வந்து எதைப் பார்த்தேன், எந்தத் தூண், எந்த மொசைக், ஒன்றும் நினைவில்லை. நன்றி ஆண்டவரே. பிள்ளையைத் தந்ததற்கு நன்றி, அம்மாவை இவ்வளவு தூரம் நடத்தி வந்ததற்கு நன்றி, பெயர் தெரியாத அந்த அம்மாளுக்காகவும் நன்றி. அவர் வீட்டிலும் என்ன வேண்டுதலோ, அதையும் நிறைவேற்றும் சாமி.