3.48: நாக் எழுதி முடித்தவளின் குறிப்புகள்

பெங்களூரில் இருந்துகொண்டு நாட்டின் கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் மதிப்பிடுகிற நாக் அமைப்பிடமிருந்து போன வாரம் எங்கள் ரிசல்ட் வந்தது. ஏ பிளஸ், 3.48. வளாகத்தில் பட்டாசு வெடித்தார்கள், காலை ஆராதனையில் நன்றி ஜெபம் ஏறெடுத்தார்கள், கேன்டீனில் எல்லாருக்கும் கேசரி. எனக்கு ஒரு சால்வை. அதைப் போர்த்திக்கொண்டு மேடையில் நின்றபோது தலைக்குள் ஓடியது ஒரே ஓர் எண்தான்: 0.03. ஏ டபுள் பிளஸ் 3.51-ல் தொடங்குகிறது.

நான் ஒரு கிறிஸ்தவ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் எடுக்கிறேன். ஐ.க்யூ.ஏ.சி. (உள் தர உறுதிக் குழு) ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு 2020-ல் தலையில் விழுந்தது. நெட் எழுதியிருக்கிறேன், பிஎச்.டி. வைவா கொடுத்திருக்கிறேன், அதிலெல்லாம் தப்பு செய்தால் நஷ்டம் எனக்கு மட்டும். இது ஒரு நிறுவனமே உட்கார்ந்து எழுதும் பரீட்சை, விடைத்தாளில் கையெழுத்து மட்டும் என்னுடையது. அடுத்து எழுதப்போகிற கல்லூரிக்காரர்களுக்கு உதவுமே என்று சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன். மதிப்பிடுகிற ஏழு கிரைட்டீரியா என்ன, ஐ.ஐ.க்யூ.ஏ. என்கிற முதல் விண்ணப்பத்தை எப்படிப் போடுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதற்குள் நான் போகவில்லை.

முதலில் அந்த 0.03-ஐப் பார்ப்போம். மொத்த எடை 1000, கிரைட்டீரியாவுக்குள் வருகிற ஒவ்வொரு மெட்ரிக்குக்கும் (அளவுகோலுக்கும்) 0 முதல் 4 வரை. அப்படியென்றால் 0.03 என்பது 30 புள்ளி. 15 எடை உள்ள ஒரே ஒரு மெட்ரிக்கில் 4 வாங்க வேண்டிய இடத்தில் 2 வாங்கினால் போதும், போயே போச்சு. கிரைட்டீரியா வாரியாக வந்த தாளைப் பார்த்தேன். மூன்றாவதில்தான் அடி. பல்கலைக்கழகங்களுக்கு மூன்றாவதுதான் 250 எடை, ஆராய்ச்சியும் விரிவாக்கப் பணியும் எல்லாம் அதற்குள்தான். ஆராய்ச்சியில் நாங்கள் எங்கே நிற்போம் என்று முன்பே தெரியும், அதில் ஆச்சரியம் இல்லை. விரிவாக்கப் பணியில் விழுந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை, ஏனென்றால் ஊருக்குச் செய்வதில் எங்கள் வளாகத்தை அடிக்க சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது.

2021 மே, இரண்டாவது அலை. பக்கத்து மீனவர் குப்பத்துக்கு எங்கள் சாப்ளின் (வளாகப் போதகர்) ஐயா, மெஸ் மாஸ்டர், ஊருக்குப் போக முடியாமல் விடுதியிலேயே தங்கிவிட்ட வடகிழக்கு மாணவர்கள் சிலர், என்.எஸ்.எஸ். பொறுப்பாளர் எல்லாருமாகச் சேர்ந்து பதினொரு நாள் அரிசியும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மெஸ் அடுப்பில் சமைத்துப் பொட்டலமும் கட்டினார்கள். குப்பத்தில் இன்றைக்குப் போய்க் கேட்டாலும் சொல்வார்கள். அந்தப் பதினொரு நாளுக்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அதே வருடம் ஒரு துறை வாசலில் ஒரே ஒரு வேப்பங்கன்று நட்டார்கள். அதற்கு ஃப்ளெக்ஸ், அழைப்பிதழ், ஐந்து கோணத்தில் ஜியோடேக் (இடம் பதிந்த) படம், வருகைப் பதிவு, செய்தித்தாள் துணுக்கு என்று ஒரு பாக்ஸ் ஃபைல் நிறைய இருக்கிறது. கன்று செத்துப்போனது வேறு விஷயம்.

டி.வி.வி. (கொடுத்த தரவைச் சரிபார்க்கும் கட்டம்) கேள்விகள் 2023 தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் வந்தன. பதினைந்து நாள் அவகாசம், அதில் நான்கு நாள் விடுமுறை. விரிவாக்கப் பணிக்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். சாப்ளின் ஐயாவிடம் ஓடினேன். "ஐயா, குப்பத்து வேலைக்குப் படம் ஏதாவது இருக்கா?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அம்மா, வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்றுதானே போட்டிருக்கிறது?" என்றார். "இடது கைக்குத் தெரிய வேண்டாம் ஐயா, பெங்களூருக்குத் தெரியணும்" என்றேன். சிரித்துவிட்டு போனைத் தேடினார். ஒரே ஒரு படம் கிடைத்தது, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அதில் ஓர் அரிசி மூட்டையும் மெஸ் மாஸ்டரின் முதுகில் பாதியும். வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் இடமும் நேரமும் உதிர்ந்துவிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அது முழுக்க என்னுடையது.

2020-21-க்கான ஏ.க்யூ.ஏ.ஆர்.-ஐ (நாக்குக்கு வருடா வருடம் அனுப்பும் அறிக்கை) டிசம்பர் 31 கெடுவுக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து தட்டினேன். துறைகள் அனுப்பியதை எல்லாம் கூட்டி 41 விரிவாக்க நிகழ்ச்சிகள் என்று போட்டேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம். இரண்டு வருடம் கழித்து எஸ்.எஸ்.ஆர். (ஐந்து வருடத்துக்கும் சேர்த்த சுய மதிப்பீட்டு அறிக்கை) தயாரிக்கும்போது அதே வருடத்தை ஒழுங்காக எண்ணினால் 33. மிச்சம் எட்டு எங்கே? மூன்று கிறிஸ்துமஸ் கீத பவனி, இரண்டு ஜெபக்கூட்டம், ஒரு குடியரசு தினக் கொடியேற்றம், அப்புறம் இரண்டு நிகழ்ச்சிகளை என்.எஸ்.எஸ்.-ஸும் துறையும் ஆளுக்கொரு தடவை எழுதியிருந்தார்கள். ஏ.க்யூ.ஏ.ஆர்.-ல் ஓர் எண், எஸ்.எஸ்.ஆர்.-ல் வேறு எண். இரண்டிலும் ஐ.க்யூ.ஏ.சி. ஒருங்கிணைப்பாளர் என்று என் பெயர். கேள்வி கேட்டார்கள், கேட்கத்தான் செய்வார்கள். அந்த எட்டை விளக்கப்போய் மீதி 33-ல் ஆதாரம் மெலிந்தவையும் வரிசையாக வெளியே வந்தன.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: நாக் என்பது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற பரீட்சை என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் அதில் ஐந்தில் ஒரு பங்கை எழுதி மடித்துக் கொடுத்துவிடுகிறோம், திரும்ப வாங்கித் திருத்த முடியாது. எஸ்.எஸ்.ஆர். வருடத்தில் லீவு போடாமல் உழைத்தோம் என்று பெருமை பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. நானும் அப்படித்தான் உழைத்தேன்.

இனி நான் செய்யப்போவது, நீங்களும் செய்தால் நல்லது:

- நிகழ்ச்சி நடந்த அன்று மாலைக்குள் ஒரு பக்க அறிக்கை. தேதி, இடம், யாருடன் சேர்ந்து, எத்தனை மாணவர்கள், கையெழுத்துப் பட்டியல். நாளைக்கு என்றால் அது வராது.
- படத்தின் மேலேயே இடமும் நேரமும் பதிகிற கேமரா ஆப் ஒன்றைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். அனுப்பும்போது மெயிலில், இல்லை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதாகத் துறையில் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.
- ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு சொந்தக்காரர். சேர்ந்து நடத்தினாலும் ஒருவர்தான் பதிவு செய்ய வேண்டும்.
- நாக் தருகிற தரவு டெம்ப்ளேட்டில் நெடுவரிசை சேர்க்காதீர்கள். அழகுபடுத்தாதீர்கள்.
- இணையதளத்தைப் புதுப்பிக்கிறேன் என்று எஸ்.எஸ்.ஆர். கொடுத்த பிறகு யாராவது கிளம்பினால் கையைக் காலைப் பிடித்து நிறுத்துங்கள். எங்களுக்கு ஆதாரமாகக் கொடுத்த லிங்க் நாற்பதுக்கு மேல் செத்தது.
- சாப்ளினுடன் ஓர் இளம் ஆசிரியரை அனுப்புங்கள். இது கிறிஸ்தவ நிறுவனங்களுக்கு மட்டும். நம் ஆட்கள் செய்வார்கள், சொல்ல மாட்டார்கள்.

கமிட்டி பற்றி ஒரு வார்த்தை. எங்களிடம் ஏழு கிரைட்டீரியாவுக்கு ஏழு குழு, குழுவுக்கு எட்டுப் பேர். வேலை செய்தது மொத்தமாகப் பார்த்தால் ஒரு பத்துப் பேர். நான் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கிற ஜாதி, கூட்டம் என்றாலே தலைவலி, அதனால் என் யோசனை ஒருதலையாகத்தான் இருக்கும்: குழுவைக் கலைத்துவிட்டு எக்செல் ஒழுங்காகத் தெரிந்த மூன்று பேரைப் பிடியுங்கள். அவர்களுக்கு வாரத்தில் நான்கு மணி நேரம் வகுப்பைக் குறைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் சண்டை போடுங்கள். எனக்கு அதைத் தரவில்லை. சால்வை தந்தார்கள்.

அடுத்து தேசிய கல்விக் கொள்கை 2020. நிறுவனம் அதற்கு எந்த அளவு தயார் என்று ஆறு தலைப்பில் எழுதச் சொல்வார்கள்: பல்துறைக் கல்வி, ஏ.பி.சி. (மாணவரின் கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் வங்கி), திறன் மேம்பாடு, இந்திய அறிவு மரபு, ஓ.பி.இ. (கற்றல் விளைவை மையமாகக் கொண்ட கல்வி), தொலைநிலை மற்றும் இணையவழிக் கல்வி. இதைப் பலர் கட்டுரைப் போட்டி மாதிரி எழுதுகிறார்கள். 'தொலைநோக்குப் பார்வையோடு முன்னெடுத்து வருகிறோம்' என்று எங்கள் முதல் வரைவிலும் இருந்தது, அடித்தேன். என்ன நடந்திருக்கிறதோ அதை எண்ணோடு எழுதுங்கள், நடக்காததை நடக்கவில்லை என்றே எழுதுங்கள். பியர் டீம் (நேரில் பார்க்க வருகிற நாக் குழு) வந்து உட்கார்ந்ததும் முதலில் புரட்டுவது இந்தப் பக்கங்களைத்தான், எங்களிடம் அப்படித்தான் நடந்தது.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. மாநில அரசு இந்தக் கொள்கையை ஏற்கவில்லை. தனிக் கொள்கைக்கு 2022-ல் நீதிபதி முருகேசன் தலைமையில் குழுவே போட்டது. நாங்கள் நிகர்நிலை, யு.ஜி.சி. சொல்வதைத் தாண்ட முடியாது. அட்மிஷன் சமயத்தில் பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி, "டிகிரி மூணு வருஷமா நாலு வருஷமா மேடம்?" மூன்று வருடத்தில் 120 கிரெடிட்டோடு வெளியே போகலாம், நான்காவதும் படித்தால் 160, முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் இருந்தால் ஆராய்ச்சியோடு ஹானர்ஸ். இதை ஒரு தாளில் அச்சடித்து வாசலிலேயே கொடுத்தோம். அந்தத் தாள் பிறகு ஆதாரமாகவும் ஆனது.

ஏ.பி.சி.-தான் எங்களைப் பிழிந்து எடுத்தது. டிஜிலாக்கர் வழியாகக் கணக்குத் தொடங்க ஐந்து நிமிடம் என்றார்கள். நம் ஊர் இனிஷியல் பிரச்சினை அவர்களுக்குத் தெரியாது. ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் முன்னால், எங்கள் பதிவேட்டில் அப்பா பெயர் முழுசாக. ஒரு மாணவிக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஆதார் பெயர் வேறு. அட்மிஷன் அன்றே ஆதாரில் இருக்கிற எழுத்துகளை அப்படியே, புள்ளி மாறாமல், எழுதி வாங்கிவிடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்தது.

இந்திய அறிவு மரபு தலைப்புக்குத் துறைகளிடம் கேட்டால் எல்லாரும் யோகா தினமும் மூலிகைத் தோட்டமும் அனுப்பினார்கள். கிறிஸ்தவ நிறுவனத்துக்கு இதில் எழுத ஒன்றும் இல்லை என்று ஒரு பயம் வேறு. 1715-ல் தரங்கம்பாடியில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியதும், கால்டுவெல் 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் போட்டதும், போப் 1886-ல் குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்ததும் நம் வீட்டுச் சங்கதி இல்லையா? தமிழ்த் துறை மேடத்தை உட்கார வைத்து மறுபடி எழுதினோம். பழைய அச்சு நூல்களைப் பட்டியலிடும் வேலையில் மாணவர்கள் இருந்ததை, எத்தனை பேர், எத்தனை நூல் என்று சேர்த்தோம். பியர் டீமில் ஒருவர் அதைப் பார்க்க வேண்டும் என்று நூலகத்துக்கே நடந்து போனார்.

பியர் டீம் வந்த மூன்று நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயின்ட் அடிப்பதைப் பத்து நாள் முன்னால் முடியுங்கள், வாடை போகாது. மாணவர்களுக்குப் பதில் சொல்லிக்கொடுக்காதீர்கள், ஒப்பிப்பது உடனே தெரிகிறது. ஒரு துறையின் ஆய்வகப் பதிவேட்டில் மூன்று மாதமும் ஒரே பேனா, ஒரே சாய்வு. முதல் நாள் இரவு நான் அதைப் பார்த்து எடுத்துவிட்டு, பாதி மட்டும் எழுதியிருந்த பழைய நோட்டை வைத்தேன். ஹெச்.ஓ.டி. சார் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அந்தப் பழைய நோட்டில் அமிலக் கறை இருந்தது, அதைப் பார்த்துவிட்டு வந்தவர் ஒன்றும் கேட்காமல் அடுத்த மேஜைக்குப் போனார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2024 ஜனவரியில் நாக் இனி கிரேடே கிடையாது என்று அறிவித்துவிட்டது. அங்கீகாரம் உண்டு, இல்லை என்று இரண்டே முடிவு. அதற்கு மேலே போக விரும்புகிறவர்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நிலைகள். மத்திய கல்வி அமைச்சகம் போட்ட ராதாகிருஷ்ணன் குழுவின் பரிந்துரை. நான் தூக்கம் கெட்டுத் தேடிய 0.03-க்கு அடுத்த சுற்றில் இடமே இருக்காது. எங்கள் பர்சர் (நிதி அலுவலர்) இதைக் கேட்டுவிட்டு, "அப்போ கவலையே இல்லையே மேடம்" என்றார். வருடா வருடம் தரவு கேட்பது குறையும் என்று அவரிடம் யார் சொன்னார்களோ தெரியவில்லை.

எங்களுக்கு இந்த 3.48 ஐந்து வருடம் ஓடும். இந்த வருட ஏ.க்யூ.ஏ.ஆர்.-க்கு மாதவாரி ஃபைல் தொடங்கிவிட்டேன். மார்ச்சில் இதுவரை மூன்று நிகழ்ச்சிகள் வந்திருக்கின்றன. ஒன்றில் தேதி இல்லை. சாப்ளின் ஐயா அனுப்பியது.