சராசரிக்குள் மறைந்துபோகும் பிள்ளைகள்

"வகுப்பு வருகை 95 சதவீதம்" என்று மாத அறிக்கையில் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். 40 பேர் வகுப்பு, 20 வேலை நாள் என்று வையுங்கள். மொத்தம் 40 நாள் வராமை. ஆளுக்கு ஒரு நாள் என்றால் கவலையில்லை. அந்த 40 நாளும் எட்டே பிள்ளைகளுடையது என்றால், ஒவ்வொருவருக்கும் 5 நாள், கால்வாசி மாதம் போச்சு! சராசரி இரண்டிலும் அதே 95தான்.

அதனால் பெயர்வாரியாக எண்ணுங்கள். ஒரு பிள்ளை வராத நாள் 10 சதவீதம் தொட்டாலே தனியாகக் குறியுங்கள். 20 நாளில் 2 நாள், அவ்வளவுதான். காய்ச்சலோ, அனுமதி விடுப்போ, சொல்லாமல் நின்றதோ, எல்லாம் சேரும். பாடம் போனது போனதுதானே. காரணத்தை வேறு பத்தியில் எழுதுங்கள்.

நடுவில் சேர்ந்த பிள்ளைக்குச் சேர்ந்த நாளிலிருந்துதான் வகுக்க வேண்டும். நிறையப் பேர் தவறுவது இங்கேதான். 30 நாளில் 6 நாள் வராதது 20 சதவீதம். அதையே ஆண்டின் 180 நாளால் வகுத்தால் 3 சதவீதம் சொச்சம். பட்டியலிலிருந்தே அந்தப் பிள்ளை காணாமல் போய்விடும்.

வருகைப் பதிவில் நிரப்பாமல் விட்ட வெற்றுக் கட்டத்தையும் கவனியுங்கள். சில மென்பொருள்கள் அதை 'வந்தார்' என்றே எடுத்துக்கொள்ளும். அன்றன்றைக்கே நிரப்புங்கள், மாதக் கடைசியில் ஞாபகத்தில் போடுவது வெறும் ஊகம்.